வண்ணப் பெட்டியும் கைத்தொலைபேசியும்

மாத்தளைக்கும் மலையகத் தமிழருக்கும் உள்ள தொடர்பு கால்நடையாகத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் உழைக்கப் புறப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் வாக்குரிமையைத் தேடி நடந்த பாதை அதனினும் நீண்டது.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டம் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையை அளித்தது. எழுத்தறியாதார் பலராதலின், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வகுக்கப்பட்டது. தாம் விரும்பியவருடைய நிறப் பெட்டியிலே சீட்டை இடுதலே வாக்களித்தலாயிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நிறத்தின் இடத்தைச் சின்னம் பெற்றது. அத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது.

ஆனால், கற்ற பாடம் பயன்படுமுன்பே உரிமை பறிபோயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தமும் சட்டங்களும் படிப்படியாக அக்குறையைத் தீர்த்தன. மாத்தளை, இறத்தோட்டை முதலிய தொகுதிகளில் இன்று வாக்களிக்கும் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு, வாக்குரிமை பாட்டனார் இழந்து பேரர் மீண்டும் பெற்ற சொத்தாகும்.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா? 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் 300,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. எவரும் பாதிக்கு மேல் பெறாமையால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நிகழ்ந்தது. முதலிருவர் அல்லாதாருக்கு வாக்களித்தோர் 33 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களிடமிருந்து முதலிருவருக்குச் சேர்ந்த விருப்பு வாக்குகளோ 273,131 மாத்திரமே. வேண்டாமென்று விட்டோரும் அவருள் இருக்கலாம். முறை அறியாது விட்டோரும் இருக்கலாம்.

அறியாதாருக்கு அறிவிக்கும் பணியை முற்காலத்தில் கூட்டமேடையும் துண்டுப்பிரசுரமும் வானொலியும் செய்தன. இன்று லயத்து வாசலிலும் கைத்தொலைபேசி உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என விருப்பைக் குறிக்கும் முறையை ஒரு நிமிடப் படம், மாதிரி வாக்குச்சீட்டுடன், தாய்மொழியிலேயே காட்டிவிடும். வயலிலும் தேயிலை மலையிலும் உழைப்போர் ஓய்வு நேரத்தில் அதனை மீண்டும் மீண்டும் பார்க்கலாம். வானொலிக்கு இல்லாத வசதி இது.

எனினும் அதே கருவி பொய்யையும் சுமக்கும். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அயல் மாவட்டமாகிய கண்டியில் வன்செயல் மூண்டபோது, வெறுப்புச் செய்திகள் பரவாதிருக்க அரசு முகநூல் முதலியவற்றைச் சில நாட்கள் முடக்க நேர்ந்தது. வாக்களிப்புக்கு முந்திய அமைதிக் காலத்திலும், மேடை ஓய்ந்த பின்னர் கைத்தொலைபேசி ஓய்வதில்லை.

ஆகவே, வந்த செய்தியைத் தேர்தல் ஆணைக்குழுவின் அறிவித்தலோடு ஒப்பிட்டுப் பார்த்தலே இக்கால வாக்காளரின் முதற் கடமை. அன்று பெட்டியின் நிறத்தைப் பிரித்தறிந்த கண், இன்று செய்தியின் மெய்யைப் பிரித்தறியவேண்டும். அரும்பாடுபட்டு மீட்ட உரிமை, அறியாமையாலோ பொய்யாலோ மறுபடியும் கைநழுவலாகாது.