மாறாத சட்டகம்: 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓபெரா-பாலேயில் அயல்தேச வேடங்கள்

1735 ஆகஸ்டில் பாரிஸின் பாலே-ரொயால் அரங்கில் ரமோ இசையமைத்த ‘லே ஸேந்த் கலாந்த்’ மேடையேறியது. தலைப்பு ‘இந்தியத் தேசங்களை’ச் சொல்கிறது, புதுச்சேரியும் அப்போது பிரெஞ்சுக் கம்பெனியின் கையில்தான் இருந்தது. ஆனால் நாடகத்தில் இந்திய மண்ணே வராது. இந்தியப் பெருங்கடலில் துருக்கிப் பாஷாவின் தீவு, இன்காக்களின் பெரு, சில நாள்களில் சேர்க்கப்பட்ட பாரசீகத் தோட்டம், மறு ஆண்டு சேர்ந்த வட அமெரிக்கக் காடு ஆகியவையே களங்கள். தூரத்து நாடு எல்லாமே அன்றைய பாரிஸுக்கு ‘இந்தியா’தான். வேடங்களிலும் இதே தாராளம் தெரிகிறது.

ஆண் நடனக்காரர் எந்த நாட்டவராக வந்தாலும் இடுப்பில் கட்டியது ‘தொன்லே’ என்ற குட்டைப் பாவாடை. உள்ளே விறைப்பான சட்டம் வைத்து, தொடைக்கு மேல் குடையாக விரித்திருப்பார்கள். பெண்ணுக்கு இருபுறமும் அகன்ற ‘பானியே’ பாவாடை. இரண்டும் அரசவை உடையின் வார்ப்பு. நாட்டைக் காட்டும் வேலையைத் தலையும் விளிம்பும் பார்த்துக்கொண்டன: தலைப்பாகையும் பிறையும் என்றால் துருக்கியர், இறகு முடியும் இறகு விளிம்பும் என்றால் அமெரிக்கர். பெருவின் இன்காவுக்கும் வடக்கே காட்டில் வாழ்ந்தவருக்கும் அதே இறகுதான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தொலைவில் இருப்பவருக்கும் மின்ன வேண்டும் என்பதால் ஜரிகையும் வெள்ளித் தகடும் தாராளமாக ஏறின.

இந்த முறை ரமோ காலத்தில் பிறந்ததல்ல. 1662இல் பதினான்காம் லூயி நடத்திய குதிரை விழாவிலேயே பிரபுக்கள் பாரசீகராகவும் துருக்கியராகவும் அமெரிக்கராகவும் அணிவகுத்தார்கள். 1711இல் இறந்த வடிவமைப்பாளர் ழான் பெரேன் அந்த அரசவைப் பாணியை ஓபெரா மேடையில் நிலைநிறுத்தினார். இசையமைப்பாளர் கம்ப்ராவின் ‘லூரோப் கலாந்த்’ என்ற ஓபெரா-பாலே 1697இலேயே துருக்கியை ஒரு காட்சியாக்கிவிட்டது.

விஷயம் தெரியாததால் இப்படிச் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வான்மூர் ஓவியங்களை வைத்துச் செதுக்கிய 100 படங்கள் கொண்ட, பிரெஞ்சுத் தூதர் ஃபெரியோலின் தொகுதி, உஸ்மானிய மக்களின் உடைகளை 1714 முதலே பாரிஸில் காட்டிக்கொண்டிருந்தது. 1721இல் துருக்கித் தூதர் மெஹ்மத் எஃபெந்தியை ஊரே வேடிக்கை பார்த்தது. லூயிசியானாவிலிருந்து வந்த இரு பழங்குடியினர் 1725இல் ஆடியதை ரமோவே பார்த்திருக்கிறார்; வட அமெரிக்கக் காட்சியின் ‘காட்டுவாசிகள்’ இசை அதிலிருந்து வந்தது. காதில் விழுந்தது இசையாயிற்று; கண்ணில் பட்டது தொன்லேயின் சட்டத்தை அசைக்கவில்லை.

பார்வையாளர் உறுத்தலை உணர்ந்த இடமும் வேறு. பாரசீகக் காட்சியில் இளவரசன் தக்மாஸ் பெண் வேடமிட்டு வந்தது பிடிக்கவில்லை. காட்சியையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பாரசீகர் உடை பாரசீகமாக இல்லையே என்ற குறையைவிட, நாயகன் கண்ணியம் குலைந்ததே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது.

பாரிஸில் மாற்றம் முதலில் தெரிந்தது பேச்சு நாடகத்தில். 1755இல் வோல்த்தேரின் சீனக் கதை நாடகத்தில் நடிகை மத்மோசேல் க்ளேரோன் பானியே இல்லாமல் நடித்தார். 1761இல் நடிகை மதாம் ஃபவார் சுல்தான் கதையொன்றுக்குக் கான்ஸ்டான்டினோபிளில் தைத்த உடையை அணிந்தார். இரண்டும் ஓபெராவுக்கு வெளியே நடந்தவை. ஓபெரா பின்தங்கியதற்குக் காரணம் கலை ரசனை மட்டுமல்ல என்றே நினைக்கிறேன். சமச்சீர் அணிகளாக நகரும் உயர்பாணி நடனத்துக்கு ஒரே வடிவிலான பாவாடை வசதியானது.

அந்த வசதியைத் தாக்கியவர் நடன அமைப்பாளர் நொவேர். 1760இல் வெளியான கடிதங்களில் முகமூடியையும் தொன்லேயையும் விலக்கச் சொன்னார். அவரது வாதம் நாடுகளைச் சரியாகக் காட்டுவதோடு நிற்கவில்லை. முகபாவமும் உடல் அசைவும் தெரிய வேண்டும் என்பதே அதன் உயிர். இத்தனைக்கும் 1754இல் பூக்கே உடை வரைந்த ‘சீன விழாக்கள்’ நடனத்தால் புகழ்பெற்றவர் இவரே. இந்த மாற்றத்தின் முன்னோடி நிகழ்வுகளும் கிரேக்கக் கதைகளில்தான் அமைந்தன: 1734இல் லண்டனில் நடனக்காரி மரி சாலே எளிய மஸ்லின் அணிந்து ‘பிக்மாலியன்’ ஆடினார், 1770களின் தொடக்கத்தில் நடனக்காரர் கார்தெல் அப்போலோவாக முகமூடியின்றி வந்தார். துருக்கியனுக்கும் இன்காவுக்கும் சட்டம் கழன்றது அதற்குப் பிறகு, கிரேக்கத் தேவர்களுக்குக் கிடைத்த சலுகையின் தொடர்ச்சியாக. தலையிலிருந்த இறகும் பிறையும் அப்போதும் போகவில்லை.