தடுப்பும் பாய்ச்சலும்: இந்தியக் கால்பந்தின் தற்காப்பு ஆட்டம்

இந்தியக் கால்பந்து அணிக்குத் தற்காப்பின் அருமையைக் கற்பித்தது ஒரு படுதோல்வி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என வென்றது. அதன்பின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அணியின் அமைப்பையே மாற்றினார். பின்வரிசையில் நால்வரை நிறுத்தும் 4-2-4 முறைக்கு வந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ்.

அடுத்து வந்த பல பத்தாண்டுகள் சரிவுக் காலம். அந்தச் சரிவுக்குப் பின், 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில் பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனின் இந்திய அணி தாய்லாந்தை 4-1 என வீழ்த்தியது. நால்வர் நால்வராக இரு வரிசை. பந்து கிடைத்ததும் உதாந்தா சிங் வலது ஓரமாகப் பறப்பார். முன்கள வீரர் சுனில் சேத்ரி இரண்டு கோல் அடித்தார். 1964-க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியாவின் முதல் வெற்றி இது.

ஆனால் தற்காப்பின் உச்சம் 2019 செப்டம்பர் 10, தோஹா. எதிரே ஆசிய சாம்பியன் கத்தார். சேத்ரி களத்தில் இல்லை. தற்காப்பு வீரர்கள் சந்தேஷ் ஜிங்கனும் ஆதில் கானும் பெனால்டி எல்லைக்குள் நெருங்கி நின்று பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றினர். கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து பாய்ந்து பாய்ந்து தடுத்தார். 0-0. வெற்றிக்கு நிகரான சமன் அது.

2021 ஜூன் 3 அன்று, அதே தோஹாவில், மீண்டும் கத்தாருக்கு எதிராக, 17-வது நிமிடத்தில் இந்தியத் தற்காப்பு வீரர் ராகுல் பேக்கே சிவப்பு அட்டை பெற்றார். பத்துப் பேருடன் ஆடிய இந்தியா 0-1 எனத் தோற்றது.