பஸ் எங்கே இருக்குன்னு ஆபீஸுக்குத் தெரியும்

பஸ் ஸ்டாப்பில் நிக்கிறவனுக்கு இருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். பஸ் எங்கே வருது? இன்னிக்கு செல்பேசியை எடுத்து ஒரு தட்டு தட்டினா, மேப்பில் பஸ் எறும்பு மாதிரி ஊர்ந்து வர்றதைப் பார்த்துக்கலாம். இது ஸ்மார்ட்போன் வந்தபிறகு முளைச்ச வித்தைன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லீங்க. ஓடுற பஸ்ஸைத் தூரத்தில் இருந்து கண்டுபிடிக்கிற வேலை 1950களிலேயே ஆரம்பிச்சாச்சு. கண்டுபிடிச்சதை ஸ்டாப்பில் நிக்கிறவனுக்கும் சொல்லணும்ங்கிற எண்ணம்தான் ரொம்ப லேட்டா வந்தது. அந்த இடைவெளியைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க :-)

முதல்ல லண்டன். 1950களின் கடைசியில் லண்டன் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் 'பஸ் எலெக்ட்ரானிக் ஸ்கேனிங் இண்டிகேட்டர்'னு ஒரு ஏற்பாடு செஞ்சது. பேர்தான் பெரிசு, விஷயம் எளிமை. பஸ்ஸின் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் போட்ட ஒரு தகடு. நம்ம கடைகளில் பார்க்கிற பார்கோடுக்கு அண்ணன்னு வெச்சுக்கங்களேன். ரோட்டோரத்தில் இருக்கிற கருவி வெளிச்சம் அடிச்சு அந்தத் தகட்டைப் படிக்கும், எந்த பஸ் தாண்டிச்சுன்னு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அங்கே உட்கார்ந்திருக்கிற அதிகாரி "மூணு பஸ் ஒண்ணா வருதே, நடுவுல இருக்கிறதைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பு"ன்னு ஒழுங்குபடுத்தலாம். எல்லாம் சரி. ஆனா மழையில் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிற பயணிக்கு அதனால கிடைச்ச தகவல்? பூஜ்யம். அந்தக் கருவியோட நோக்கமே அது இல்லை.

லண்டன் பயணிக்கு அந்த விவரம் கண்ணில் பட ஆரம்பிச்சது 1992ல். 18ம் நம்பர் பஸ் ஓடும் தடத்தில் 'கவுண்ட்டவுன்'னு பேர் வெச்சு, இன்னும் எத்தனை நிமிஷம்னு காட்டுற மின்பலகைகளைச் சோதனையா மாட்டினாங்க. கணக்குப் போட்டா நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

இந்தக் கதையை முழுசாப் பார்க்கணும்னா லண்டனை விட அமெரிக்காவின் சியாட்டில் நகரம்தான் சரியான இடம்னு எனக்குத் தோணுது. கட்டுப்பாட்டு அறை, பல்கலைக்கழகம், ஒரு மாணவர், பயணிகள்னு எல்லாப் பாத்திரங்களும் ஒரே ஊரில் கிடைக்கிறாங்க.

சியாட்டிலில் பஸ் ஓட்டுறது கிங் கவுண்டி மெட்ரோ. 1990களின் ஆரம்பத்திலேயே அவங்க எல்லா பஸ்ஸையும் கண்காணிக்கிற வசதி செஞ்சுட்டாங்க. ஜி.பி.எஸ். இல்லாமலே! எப்படின்னா, தடங்களில் அங்கங்கே சின்ன ரேடியோ கருவிகளைக் கம்பங்களில் மாட்டி வெச்சாங்க. ஒவ்வொண்ணும் "நான் இன்ன நம்பர்"னு சொல்லிக்கிட்டே இருக்கும். பஸ் பக்கத்துல போறப்போ அது காதில் விழும். அதுக்கப்புறம் எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு சக்கரம் சுத்தின கணக்கை வெச்சு பஸ்ஸில் இருக்கிற கருவி கணக்குப் போடும். "கடைசியா பார்த்த கம்பம் இது, அதுக்கப்புறம் இவ்வளவு தூரம் வந்துட்டேன்." ஆபீஸில் இருந்து ரேடியோவில் அடிக்கடி கேட்பாங்க, பஸ் பதில் சொல்லும். நம்ம கிராமத்துல வழி சொல்ற மாதிரிதான். பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டு பர்லாங்.

ஏன் ஜி.பி.எஸ். வெக்கலைன்னு கேட்பீங்க. அப்போ ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தோட சொத்து. பொதுமக்களுக்கு வர்ற சிக்னலில் அவங்களே வேணும்னு பிழையைக் கலந்து விட்டிருந்தாங்க. நூறு மீட்டர் அப்படி இப்படி இருக்கும். நகரத்துக்குள்ள நூறு மீட்டர்னா பக்கத்துத் தெரு. கிளிண்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தினது 2000 மே மாதத்தில்தான். போதாக்குறைக்கு சியாட்டில் மையத்தில் 1990ல் இருந்தே பஸ்கள் ஒரு சுரங்கப்பாதைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தன (2019 வரைக்கும் ஓடின). சுரங்கத்துக்குள்ள எந்த செயற்கைக்கோளைத் தேடுறது?

இந்தக் கம்பக் கணக்குக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. பஸ் தன் தடத்தில் இருக்கிற வரைக்கும்தான் கணக்கு சரி. வழி மாறினா கம்பமும் இல்லை, கணக்கும் இல்லை. 2008 டிசம்பரில் சியாட்டிலில் பேய்ப் பனி கொட்டி, மேட்டில் ஏற முடியாம பஸ்கள் மாத்து வழியில் போச்சு. அதாவது பஸ் எங்கே இருக்குன்னு ஜனங்களுக்கு ரொம்ப அவசியமாத் தெரிய வேண்டிய நாளில்தான், இந்த ஏற்பாட்டால் சொல்ல முடியாது.

சரி, கட்டுப்பாட்டு அறைக்குள்ள இருந்த தகவல் எப்படி வெளியே வந்தது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேனியல் டெய்லின்னு ஒரு மின்பொறியியல் பேராசிரியர். மெட்ரோவிடம் இருந்து அந்தத் தகவல் ஓட்டத்தை வாங்கி, 1990களின் பிற்பகுதியில் 'பஸ்வியூ'ன்னு ஒண்ணு செஞ்சார். பிரவுசரில் ஒரு ஜாவா ஆப்லெட் திறக்கும் (நம்ம பொட்டி தட்டுற மக்களுக்கு ஆப்லெட்னதும் பழைய ஞாபகங்கள் வந்து போகும்), மேப்பில் புள்ளி புள்ளியா பஸ்கள் நகரும்.

பார்க்க நல்லா இருக்கும், ஆனா காத்திருக்கிறவனுக்குப் புள்ளி பதில் இல்லை. புள்ளி ரெண்டு மைல் தள்ளி இருக்கு, சரி, எத்தனை நிமிஷத்தில் வரும்? அதனால டெய்லி குழு அடுத்ததா 'மைபஸ்' செஞ்சது. இதுல மேப் கிடையாது, வெறும் அட்டவணை. எந்த பஸ், எப்போ வரவேண்டியது, எப்போ வரும். அந்த "எப்போ வரும்"ங்கிற கணிப்புக்கு அவங்க எடுத்துக்கிட்டது கால்மன் ஃபில்டர். 1960ல் ருடால்ஃப் கால்மன் எழுதின கணிதமுறை. நிலாவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்துக்கு வழி பார்க்க உதவின அதே சமாச்சாரம். பிழை கலந்த அளவுகள் துண்டு துண்டா வரும்போது, உண்மை நிலை எதுவா இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் திருத்திக்கிட்டே போறது அதோட வேலை. நிலாவுக்குப் போறதுக்கும் வேலைக்குப் போறதுக்கும் ஒரே கணக்கு!

மைபஸ்ஸின் குறை, தடத்தில் இருக்கிற முக்கியமான சில இடங்களுக்கு மட்டும்தான் நேரம் சொல்லும். அதுவும் பெரிய பட்டியலில் இருந்து தேடி எடுக்கணும். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தா பரவாயில்லை. ஸ்டாப்பில் நின்னுக்கிட்டு, அந்தக் காலத்துக் குட்டித்திரை செல்பேசியில் நோண்டுறது பெரும்பாடு.

இந்த இடத்தில்தான் பிரையன் ஃபெரிஸ் வர்றார். அதே பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்ட மாணவர், பஸ்ஸில் போய் வர்றவர். 2008ல் 'ஒன்பஸ்அவே'ன்னு ஒண்ணை ஆரம்பிச்சார். பஸ்ஸில் புதுசா ஒரு கருவி கூட மாட்டலை, கம்பத்தைத் தொடலை. தகவல் ஏற்கனவே இருந்தது. அவர் செஞ்சது, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அதன் எண்ணை வெச்சுக் கேட்டா பதில் சொல்ற ஏற்பாடு. வெப்சைட்டில் கேட்கலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், சாதா போனில் கூப்பிட்டு ஸ்டாப் எண்ணை அழுத்தினா ஒரு குரல் படிச்சுச் சொல்லும். ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்குத் தனியா ஒரு ஆப். எனக்கு இதில் பிடிச்சது அந்தச் சாதா போன் வழிதான். பஸ்ஸில் போற எல்லார் கையிலும் ஐபோன் இருக்காதுங்கிறது பஸ்ஸில் போறவனுக்குத்தான் உறைக்கும்.

வண்ணங்களைப் பாருங்க, இன்னும் விளங்கும். ஒன்பஸ்அவேயில் நேரத்துக்கு வர்ற பஸ் பச்சை. லேட்டா வர்றது நீலம். சிவப்பு எதுக்கு? சீக்கிரமா வர்ற பஸ்ஸுக்கு! ஆபீஸ்காரன் போட்டிருந்தா லேட்டுக்குத்தான் சிவப்பு அடிச்சிருப்பான், ஏன்னா அவனுக்கு லேட்தான் குத்தம். ஸ்டாப்புக்கு நடந்து வர்றவனுக்கு லேட் பஸ் பிரச்சினை இல்லை, நின்னா கிடைச்சிரும். முன்னாடியே கிளம்பிப் போற பஸ்தான் ஆபத்து. யார் பக்கம் நின்னு யோசிச்சாங்கன்னு ஒரு நிறத்திலேயே தெரிஞ்சிருது.

சரி, இதனால பஸ் ஒரு நிமிஷமாவது சீக்கிரம் வந்ததா? வரலை. அப்புறம் என்ன லாபம்? இதே கேள்வியைக் கையில் எடுத்தவர் கேரி வாட்கின்ஸ், அப்போ அங்கேயே ஆராய்ச்சி மாணவி, போக்குவரத்துப் பொறியியல். ஃபெரிஸும் அவரும் பேராசிரியர் ஆலன் போர்னிங்கும் சேர்ந்து பயனர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 2010ல் வெளியாச்சு. 92 சதவீதம் பேர் பஸ் சேவையில் முன்னைவிடத் திருப்தின்னு சொன்னாங்க. இதை நான் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடுவேன். ஆப்பை விரும்பிப் பயன்படுத்துறவங்ககிட்டயே போய்க் கேட்டா வேற என்ன சொல்வாங்க? அதே கணக்கெடுப்பில் ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் காத்திருக்கும்போது முன்னைவிடப் பாதுகாப்பா உணர்றதாச் சொன்னாங்க. எனக்கு இது 92ஐ விடப் பெரிய விஷயமாத் தெரியுது. ராத்திரி பத்து மணிக்கு ஆளில்லாத ஸ்டாப்பில் இருபது நிமிஷம் தனியா நிக்கிற பெண், அந்த நேரத்தைக் கடைக்குள்ளயோ வேலை இடத்துலயோ கழிச்சுட்டு சரியா ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி வெளியே வரலாம்.

2011ல் வாட்கின்ஸ் குழு போட்ட ஆய்வு இன்னும் உறுதியானது. ஸ்டாப்பில் போய் நின்னு, ஆட்கள் நிஜமா எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு கவனிச்சாங்க, எவ்வளவு நேரம் நின்னதா நினைக்கிறீங்கன்னும் கேட்டாங்க. தகவல் இல்லாதவங்க நிஜ நேரத்தை விட அதிகமாச் சொன்னாங்க. தகவல் கையில் இருந்தவங்க சொன்னது நிஜத்தோட ஒத்துப்போச்சு. வழக்கமா எவ்வளவு காத்திருப்பீங்கன்னு கேட்டதுக்கு, தகவல் உள்ளவங்க சராசரி 7.5 நிமிஷம், இல்லாதவங்க 9.9. நிஜ நேரத்திலும் கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் குறைஞ்சது, வீட்டை விட்டு நேரம் பார்த்துக் கிளம்பினதால. ஒரு பஸ் கூட அதிகமா விடாம இது கிடைச்சது.

அப்போ ஏன் இத்தனை வருஷம் தகவலைப் பூட்டி வெச்சாங்க? கெட்ட எண்ணம்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப் மின்பலகை வெக்கிறது செலவு. லண்டன்லயே 19,000க்கு மேல ஸ்டாப், பலகை வெச்சது 2,500 சொச்சத்தில்தான். மத்த ஸ்டாப்களுக்கு 2011ல்தான் எஸ்.எம்.எஸ்., வெப் வழியா விடிஞ்சது. ஆனா செலவு மட்டும் காரணம் இல்லைங்கிறது என் கட்சி. அஞ்சு நிமிஷம்னு போட்டு எட்டாச்சுன்னா ஜனங்க கையில் ஆதாரம் கிடைச்சிருது. தகவல் சொல்லாத வரைக்கும் தாமதம் விதி, சொன்னதுக்கப்புறம் அது கணக்கு.

நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாகனம் எப்போ வரும்னு முன்கூட்டியே சொல்றதுக்கே எங்ககிட்ட காப்புரிமை இருக்குன்னு அரைவல்ஸ்டார்னு ஒரு நிறுவனம் கிளம்பி, அமெரிக்காவின் பல பொதுப் போக்குவரத்து அமைப்புகள் மேல வழக்குப் போட்டது. சில ஊர்கள் வழக்குச் செலவை விட இது மேல்னு பணம் கொடுத்துத் தப்பிச்சுக்கிட்டன. கடைசியில் 2013ல் பொதுப் போக்குவரத்துச் சங்கமே கோர்ட்டுக்குப் போக, எங்க உறுப்பினர்கள் மேல இனி வழக்கு இல்லைன்னு சமரசம் ஆச்சு. பஸ் வருதான்னு எட்டிப் பார்க்கிறதுக்குக் காப்புரிமை வாங்காம விட்டாங்களே!

ஃபெரிஸ் 2011ல் பட்டம் முடிச்சு கூகுளுக்குப் போயிட்டார். மாணவர் போனா அவர் செஞ்ச சாமானும் தூசி படியறதுதான் வழக்கம். இங்கே மென்பொருள் திறந்த மூலமா இருந்தது. அந்தப் பகுதிப் போக்குவரத்து அமைப்புகள் காசு போட்டன, பிறகு சவுண்ட் டிரான்சிட் எடுத்து நடத்துச்சு. நியூயார்க் தன் 'பஸ் டைம்' ஏற்பாட்டை இதே மென்பொருளை வெச்சுத்தான் கட்டிச்சு. 2011ல் புரூக்ளினின் பி63 தடத்தில் ஆரம்பிச்சு, 2014க்குள் எல்லாப் பகுதிக்கும். கேண்டஸ் பிரேக்வுட் அங்கே செஞ்ச ஆய்வில் வேலைநாள் பயணிகள் எண்ணிக்கை தடத்துக்கு சுமார் 1.7 சதவீதம் கூடினதாத் தெரிஞ்சது. பெரிய எண் இல்லை, ஆனா நியூயார்க் பஸ்களில் 1.7 சதவீதம்னா கூட்டம்தான்.

வண்ணங்களில் ஒண்ணு மிச்சம் இருக்கு, கருப்பு. பஸ்ஸில் இருந்து தகவலே வரலை, கால அட்டவணையில் இருக்கிறதைக் காட்டுறேன்னு அர்த்தம். 2022ல் சிகாகோவில் ஜனங்க 'பேய் பஸ்'னு திட்டினது இந்த வகையைத்தான். கொரோனாவுக்கு அப்புறம் ஓட்டுநர் பற்றாக்குறை. அட்டவணைப்படி திரையில் நிமிஷம் குறைஞ்சுக்கிட்டே வரும், பத்து, அஞ்சு, ரெண்டு, அப்புறம் காணாமப் போயிரும். அந்த பஸ் டெப்போவை விட்டே கிளம்பலை. கிளம்பலைங்கிறது ஆபீஸுக்குத் தெரியும்.