கறுப்பு என்பது தோல் அல்ல

எங்க சித்தப்பா போலீஸில் ஏட்டாக இருந்தவர். "காக்கி போட்டா சாதி போயிடும்னாங்க. டீ கிளாஸ் மட்டும் தனியாத்தான் இருந்துச்சு" என்பார். லண்டன் கறுப்புப் போலீஸாரின் வரலாற்றைப் படித்தபோது அவர் குரல்தான் காதில் விழுந்தது.

1967இல் நார்வெல் ராபர்ட்ஸ் என்ற கறுப்பர் லண்டன் மாநகரப் போலீஸில் சேர்ந்தார். கூட வேலை பார்த்தவர்களே அவரை இனத்தைச் சொல்லி ஏசினார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் வேலையை உதறிவிட்டுப் போனார்கள். ஏன் போகிறார்கள் என்று அறிய 1990இல் பிரிஸ்டலில் கருத்தரங்குகள் நடந்தன. அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்டவர்கள் 1994இல் கறுப்புப் போலீஸார் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

யார் உறுப்பினர்? ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினர் மட்டுமல்ல, ஆசியரும் மத்தியக் கிழக்கினரும் சேரலாம் என்று வாசலை அகலப்படுத்தினார்கள். கறுப்பு தோலின் நிறமல்ல, இனவெறிக்கு எதிராக நிற்பவர்களின் பொது அனுபவம் என்றார்கள். 1973இல் தலித் சிறுத்தைகளின் அறிக்கையும் பழங்குடிகள், நிலமற்ற கூலிகள், பெண்கள் என்று 'தலித்' என்ற சொல்லை இப்படித்தான் விரித்தது.

அகலமான வாசல் பலம்தான். ஆனா ஒரு கேள்வி இருக்கு. 'ஆசியர்' என்று உள்ளே வருகிறவர் சாதியை எங்கே விட்டுவிட்டு வருகிறார்? இதை நாம்தான் கேட்க வேண்டும். சித்தப்பாவின் டீ கிளாஸ் அங்கேயும் போய்விடக் கூடாது.