எங்க ஊருக்கு ஆள் வந்த கதை

"உங்க ஊர்க்காரங்க எல்லாம் பரம்பரையா கடமலைக்குண்டுதானே?"ன்னு சென்னை நண்பர் ஒருத்தர் போன்ல கேட்டார். சிரிச்சிட்டேன். மாசி சிவராத்திரிக்கு எங்க தெருவுல வந்து பாருங்க, பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். உசிலம்பட்டி, கருமாத்தூர்னு அவங்கவங்க குலசாமியைத் தேடி வேன்ல கிளம்பியிருப்பாங்க. சாமி ஒரு ஊர்ல, குடி ஒரு ஊர்ல. வந்தேறிகள்தான் நாங்க.

இந்தப் பக்கம் பூராவும் கண்டமனூர் ஜமீனுக்குப் பட்டது. அதுக்கு மேல வருசநாடு, காடு. காட்டுக்குள்ள போனவன் மலைக்காய்ச்சலோட திரும்புவான், இல்லேன்னா திரும்பவே மாட்டான்னு எங்க தாத்தா சொல்வார். வெள்ளாமைக்கு நிலம் இருந்தும் ஆள் தங்காததுக்குக் காரணம் புலி இல்லை, கொசு.

1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. 1953ல நாடு பூரா மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்ல டிடிடி மருந்து அடிச்சாங்க. ஜமீன் பயமும் போச்சு, காய்ச்சல் பயமும் குறைஞ்சுச்சு. மானம் பார்த்த பூமியில பஞ்சம் பொழைச்ச சனம், மூல வைகைக் கரையைப் பிடிச்சு மேல ஏறுச்சு. எங்க தாத்தாவும் அப்படித்தான், ரெண்டு மாடும் ஒரு கலப்பையுமா வந்தார்.

இதுல ஒரு வேடிக்கை. வைகை பிறக்கிறது எங்க மலையில. ஆனா 1895லயிருந்து பெரியாத்துத் தண்ணி பாயிற கம்பம் பள்ளத்தாக்குலதான் இருபோக நெல்லு. எங்களுக்கு மழை பேஞ்சாத்தான் ஆறு. மத்த நாள்ல வெறும் மணல். 1959ல திறந்த வைகை அணையும் எங்களுக்குக் கீழதான் இருக்கு. அதனாலதான் இங்க இலவ மரமும், கிணத்தை நம்பித் தென்னையும் வச்சோம்.

மேல போனவங்க மரத்தை வெட்டித்தான் காடு திருத்தினாங்க. எங்க தாத்தாவும் வெட்டினார், மறைக்கிறதுல என்ன இருக்கு? அதனாலதான் ஆறு வத்துச்சுன்னு சொன்னா, முழுசா மறுக்க என்னால முடியாது. ஆனா அந்த மரமெல்லாம் எங்க வீட்டு உத்திரத்துக்கு மட்டுமா போச்சு? டவுனுக்கு லாரி லாரியா இறங்குனதை நான் சின்னப் பிள்ளையில பார்த்திருக்கேன்.

2009ல மேகமலை வன உயிரினச் சரணாலயம், 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இப்போ மலை மேல இருக்கிற சனத்தைக் கீழ இறங்கச் சொல்றாங்க. மூணு தலைமுறை வெள்ளாமை பார்த்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் அதுல இருக்கு. இறங்கி எங்க போறதுன்னு கேட்டா பதில் இல்லை. எங்க ஊர்ப் பையன்கள் திருப்பூர், கோயம்புத்தூர்னு ஏற்கெனவே கிளம்பியாச்சு. என் மகனும் அங்கதான்.

போன மாசம் பேரன் போன்ல, "தாத்தா, நம்ம சொந்த ஊர் எது?"ன்னு கேட்டான். கடமலைக்குண்டுன்னுதான் சொன்னேன்.