அச்சுக்குள் ஓடும் எண்ணெய்

பல ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் கியர்ப்பெட்டியும் முன்சக்கர அச்சும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கும். டிரான்ஸ்ஆக்ஸில் எனப்படும் இந்தக் கூட்டைத் தேயாமல் காப்பவை உள்ளே ஓடும் எண்ணெயும் அதை வடிக்கும் ஃபில்டரும்தான்.

இந்த வண்டியின் மூதாதையே ஓர் அச்சுத் தொழிற்சாலையில் பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், புக்கானன் என்ற ஊரில் வாகன அச்சுகள் செய்துவந்த கிளார்க் நிறுவனம், பட்டறைக்குள் சரக்கு நகர்த்த 1917இல் ஒரு வண்டியைத் தன் தேவைக்காகச் செய்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்கவே அது விற்பனைக்கு வந்தது.

சரக்கு நகர்த்தும் தேவை சென்னையிலும் எழுந்தது. நகரின் மேற்குப் புறநகரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960களில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா ஆகியவை எழுந்தன; 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது; 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியேறியது. எஃகுச் சுருளையும் வார்ப்புகளையும் லோடுமேன்களின் தோள்களால் மட்டும் நகர்த்திவிட முடியாது. அதே பத்தாண்டில் கோத்ரெஜ் இந்தியாவிலேயே ஃபோர்க்லிஃப்ட் தயாரிக்கத் தொடங்கியது.

கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் பழைய வண்டிகளுக்கு லாரிக்கு ஊற்றும் கெட்டியான கியர் ஆயிலே போதும். ஃபில்டர் பெரும்பாலும் இராது. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத டார்க் கன்வெர்ட்டர் வந்ததும் கதை மாறியது. அதில் எண்ணெய் வழுக்க மட்டுமல்ல, எஞ்சினின் விசையைக் கடத்தவும் வேண்டும். ஆகவே மெல்லியதாக இருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் இதற்கென ‘டைப் ஏ’ என்ற தரத்தை வகுத்தது. அந்நாளைய எண்ணெயில் திமிங்கலக் கொழுப்பும் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை விதித்தபின் வேதியியலர் மாற்று தேட வேண்டியதாயிற்று. எஞ்சின் ஆயில் கசிவிலிருந்து பிரித்தறியவே இந்த மெல்லிய எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம்.

எண்ணெய் மாற்றும் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில். நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும் வண்டிக்கு ஓடிய தூரத்தால் பயனில்லை. புது வண்டியில் உராய்ந்து உதிரும் இரும்புத்தூள் அதிகம் என்பதால் முதல் மாற்றம் சீக்கிரமே வரும். எண்ணெய் சூடாக இருக்கும்போது டிரெயின் பிளக்கைக் கழற்றி வடித்து, உறிஞ்சுகுழாயின் வலையைக் கழுவி, வெளி ஃபில்டரைப் புதிதாகப் பூட்டி, அளவுகோலில் குறித்த மட்டத்துக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். வடிந்த எண்ணெயே நோயைச் சொல்லிவிடும்: கருகல் வாடை அடித்தால் கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டு வழுக்குகிறது, பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்போலத் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நிற்கும் நாளில் மூச்சுத்துளை மூழ்கினாலே அது நேர்ந்துவிடும்.

வடித்த எண்ணெயை எங்கே கொட்டுவது என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது. 1989இல் வந்த அபாயக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் அபாயக் கழிவாக்கின. 2016 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே அதைக் கொடுக்க வேண்டும்.

2017இல் ஜிஎஸ்டி வந்தபின் பூந்தமல்லிக்கு அப்பால் பெங்களூரு நெடுஞ்சாலையோரம் பெருங்கிடங்குகள் பெருகின. கிடங்குகளுக்கு ஏற்ற மின்கல ஃபோர்க்லிஃப்டில் டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, அதற்கான ஃபில்டரும் இல்லை. கியர் கூட்டுக்குள் கொஞ்சம் கியர் ஆயில் மட்டுமே.