500 காலன் வினிகர்

ஓ.ஆர். பரீட்சையில் சிம்ப்ளெக்ஸ் அட்டவணை போட்டு, ஒரு மைனஸ் குறியைக் கோட்டைவிட்டு முழித்தவர்களில் அடியேனும் ஒருவன். அந்த முறையை 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் அமெரிக்க விமானப்படையின் திட்டமிடலுக்காக வகுத்தார். அதே ஆண்டு அதைப் பரிசோதித்த கணக்கு: 77 உணவுப்பொருட்கள், 9 சத்துக்கள், ஒருவரின் ஓராண்டுச் சாப்பாட்டுக்கு மிகக் குறைந்த செலவு. குமாஸ்தாக்கள் ஒன்பது பேர் கால்குலேட்டர் மெஷின்களோடு உட்கார்ந்து போட்டார்கள். 120 ஆள்-நாள் பிடித்தது! விடை 39.69 டாலர். பொருளாதார நிபுணர் ஸ்டிக்ளர் 1945-லேயே உத்தேசமாக 39.93 சொல்லியிருந்தார். மிச்சம் 24 சென்ட்!

1950களில் டான்ட்சிக் உடம்பு இளைக்கத் தனக்கே கம்ப்யூட்டரில் பட்டியல் கேட்டார். 500 காலன் வினிகர் என்றது. வினிகரை நீக்கினால் 200 சூப் கட்டி. அப்புறம்தான் உச்சவரம்பு போட்டார்.

சிரிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஓட்டிய சப்ளை செயின் சாஃப்ட்வேர், ஒரே குடோனுக்கு முப்பது லாரி சரக்கை அனுப்பிவிட்டது. குடோன் கொள்ளளவை உள்ளிட மறந்தவன் நான்தான். மூன்று நாள் லாரிகள் வாசலிலேயே நின்றன.

"கம்ப்யூட்டர் சொல்லிட்டா இங்கே இடம் முளைச்சிடுமா தம்பி?" என்றார் குடோன் சூப்பர்வைசர். இப்போதெல்லாம் 'ரன்' அமுக்கும் முன் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன்.